டர்போ வண்டியின் யந்திரத்தை வீட்டிலேயே சீர்ப்படுத்துதல்

(தருமபுரி ஜில்லா விவசாய டெமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

முகவுரை

நமது தருமபுரி ஜில்லாவில் ஏர்மாடும் பாரவண்டியும் செய்து வந்த வேலையில் பெரும்பகுதியை இன்று டீசல் யந்திரமே செய்து வருகிறதென்பது யாவரும் அறிந்ததே. பாலக்கோட்டுத் தக்காளியும், பென்னாகரத்து நிலக்கடலையும், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து மஞ்சளும் மரவள்ளிக் கிழங்கும் சிறு சுமை வண்டிகளிலேயே சந்தைக்குப் போகின்றன. இவ்வண்டிகளிலும், ஜீப்புகளிலும், பெரிய டிராக்டர்கள் பலவற்றிலும், குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டும் புதுக் கார்கள் பலவற்றிலும் டர்போ என்னும் காற்றூதி பொருத்தப்பட்டு வருகிறது.

டர்போ வண்டியை வைத்திருப்பவர்கள் இரண்டொரு வருஷம் கழிந்ததும் அநேகமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "வண்டி முன்போல் இழுக்கவில்லை. பலத்தைக் கூட்ட வழி என்ன?" இக்கேள்விக்கு விடை சொல்லக் கடைத்தெருவில் ஆட்கள் உண்டு. டீசல் அளவைத் திருகி ஏற்றுபவரும், மடிக்கணினியைக் கொண்டு வந்து கணக்கை மாற்றுபவரும் அழைத்தவுடன் வருவர். ஆனால் குடியானவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. யந்திரத்திற்குத் தொழிற்சாலையில் கொடுக்கப்பட்ட பலம் முழுவதும் இப்போது அதனிடம் இருக்கிறதா? இல்லையேல் அது எங்கே போயிற்று? இழந்த பலத்தை மீட்பது வீட்டுக் களத்திலேயே ஆகக்கூடிய காரியம், அபாயமும் குறைவு. இல்லாத பலத்தை வரவழைப்பது அப்படியன்று. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் அனுபவம்

சில வருஷங்களுக்கு முன், பாலக்கோட்டுப் பக்கம் சொட்டு நீர்க் குழாய்களைப் பார்வையிடச் சென்றிருந்தேன். தோட்டக்காரர் தமது டர்போ டீசல் சுமை வண்டியைக் காட்டி, அது மேட்டில் திணறுகிறது, கரும்புகை கக்குகிறது என்று முறையிட்டார். டிப்ளமாப் படிப்பில் பண்ணை யந்திரங்களைப் பற்றி நானும் பயின்றவனே. எனினும் அன்று அவசரத்தில் புகையை மட்டும் பார்த்துவிட்டு, "டீசல் சரியில்லை போலும்" என்று சொல்லி வந்துவிட்டேன்.

அவர் பிறகு ஒரு பட்டணத்திற்குச் சென்று, டீசல் அளவை ஏற்றும்படி கணக்கை மாற்றிக் கொண்டு வந்தார். முதல் மாதம் வண்டி பறந்தது, புகையும் கூடியது. சித்திரை வெயிலில் சேலத்திலிருந்து புண்ணாக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தொப்பூர்க் கணவாய் ஏறுகையில், யந்திரம் ஒரு முறை தட்டிப் பலமிழந்து நின்றது. பிரித்துப் பார்த்தபோது ஒரு பிஸ்டனின் தலை உருகித் துளைபட்டிருந்தது. டர்போவின் உஷ்ணப் பக்கத்து உறையில் வெடிப்புக் கண்டிருந்தது. தக்காளி பறிப்பு உச்சத்திலிருந்த நாற்பது நாட்களும் வண்டி கொட்டகையில் கிடந்தது. விலை நன்றாயிருந்த அந்நாட்களில் வாடகை வண்டிக்கே லாபத்தில் பெரும்பகுதி போயிற்று.

யந்திரத்தைப் பிரித்தபோது நானும் அருகிலிருந்தேன். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர்க் குழாயின் அடிப்புறம் ஒரு விரல் நீளம் கிழிந்து, அங்கே எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் அடையாகப் படிந்திருந்தன. அக்கிழிசல் பழையது. வண்டி திணறியதற்கும் கரும்புகைக்கும் ஆதி காரணம் அதுவே. ஊதிய காற்று பாதி வழியில் வெளியேற, யந்திரம் காற்றுக்கு ஏங்கிக் கொண்டிருந்தது. அதற்குக் காற்றைக் கொடாமல் டீசலைக் கூட்டிக் கொடுத்தார்கள். அன்று நான் குனிந்து அக்குழாயை ஒரு முறை தடவிப் பார்த்திருந்தால், ஒரு புதுக் குழாயோடும் இரண்டு கிளிப்புகளோடும் காரியம் முடிந்திருக்கும். அந்த வருத்தமே இதை எழுதத் தூண்டியது.

டர்போ வேலை செய்யும் விதம்

ஒரு லிட்டர் டீசல் முற்றும் எரிவதற்குக் குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும். அதாவது ஏறக்குறைய பதினோராயிரம் லிட்டர் காற்று. டீசல் யந்திரம் புகையின்றி ஓடுவதற்கு இதிலும் கூடுதலான காற்றே தேவை. ஆகவே யந்திரத்தின் பலத்திற்கு எல்லை கட்டுவது பெரும்பாலும் டீசல் அன்று, காற்றே.

டர்போவில் ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள் உண்டு. வெளியேறும் புகையின் வேகம் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, மறு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி யந்திரத்தினுள் செலுத்துகிறது. சிறு வண்டிகளில் இத்தண்டு நிமிஷத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடும். அதைத் தாங்கி நிற்பது பெரும்பாலான டர்போக்களில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமே. அழுத்தப்பட்ட காற்று நூறு டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறக்கூடும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக் கொள்ளுமாதலால், இன்டர்கூலர் என்னும் காற்றுக் குளிர்விப்பான் அதைத் தணித்து அனுப்புகிறது.

அழுத்தம் அளவு மீறாதபடி காப்பதற்கு வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவு பல டர்போக்களில் உண்டு. இது நமது ஏரியின் கலிங்கு போன்றது. வேண்டிய அளவு நிறைந்ததும் மிகுந்த புகையைச் சக்கரத்தின் மேல் படாமல் வேறு வழியில் விட்டுவிடும். கலிங்கின் மேல் மண்மூட்டைகளை அடுக்கி ஏரியில் தண்ணீரை உயர்த்தலாம். ஆனால் கரை எவ்வளவு தாங்கும் என்பதை அறியாதவன் அப்படிச் செய்தால் ஊரே கெடும். வேஸ்ட்கேட்டின் கம்பியைத் திருகி இறுக்குவதும் இதற்கொப்பான செயலே.

இக்கருவியின் பூர்வீகம்

டர்போவுக்கு முதன்முதலில் 1905-ஆம் வருஷத்தில் காப்புரிமை பெற்றவர் ஸ்விட்சர்லாந்து தேசத்து யந்திர நிபுணர் ஆல்பிரட் பூச்சி. வீணாகப் போகும் புகையின் சக்தியை மறுபடி வேலைக்குக் கொணர்வதே அவர் கருத்து. அது கைகூட ஏறக்குறைய இருபது வருஷங்கள் பிடித்தன. 1920-களில் கப்பல்களின் டீசல் யந்திரங்களில் அவர் முறை முதலில் வெற்றி கண்டது. 1918-இல் அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பவர், 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் மலையுச்சிக்கு ஒரு விமான யந்திரத்தைக் கொண்டு சென்று, மெலிந்த காற்றிலும் டர்போவின் உதவியால் பலம் குன்றாதிருப்பதைக் காட்டினார். மோட்டார் கார்களில் டர்போ 1962-இல் அமெரிக்காவிலும், டீசல் கார்களில் 1978-இல் ஜெர்மானிய மெர்சிடிஸ் காரிலும் விற்பனைக்கு வந்தது.

நமது ஜில்லாவுக்கும் இதில் சம்பந்தமுண்டு. தருமபுரி நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று கடற்கரையில் உள்ளதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு மெலிந்தது. வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்களில் இன்னும் மெலியும். ஆகையால் காற்று வழியில் சிறு பழுதும் இங்கே சீக்கிரம் தெரியவரும்.

யந்திரத்தைத் தானே கழற்றிப் பார்ப்பது குடியானவருக்குத் தகாத வேலை என்று எவரும் எண்ண வேண்டாம். கோயம்புத்தூர் ஜில்லாவின் கலங்கல் கிராமத்தில் 1893-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி மறுபடி பூட்டியே யந்திர ஞானம் பெற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கிப் பெரிய போக்குவரத்து ஸ்தாபனத்தையே ஏற்படுத்தினார். ஒவ்வோர் உறுப்பும் ஏன் அவ்விடத்தில் இருக்கிறது என்று அறிந்த பிறகே அதில் கை வைப்பது என்பது நாம் அவரிடம் கற்க வேண்டிய பாடம்.

வேலை தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. கதவடைத்த கொட்டகையில் யந்திரத்தை ஓட்டக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. அபாயம் தெரியுமுன்னே மயக்கி உயிரைக் கொள்ளும்.

2. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் படுக்கலாகாது. உறுதியான தாங்கிகள் அவசியம்.

3. யந்திரம் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். சுமையோடு ஓடிய டர்போவின் புகைப் பக்கம் பல நூறு டிகிரி உஷ்ணத்தில் இருக்கும். ரேடியேட்டர் மூடியையும் சூட்டில் திறத்தல் கூடாது.

4. தற்கால டீசல் வண்டிகளில் இஞ்செக்டர்களுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. இது டயரில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் பல நூறு மடங்காகும். அங்கே கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தோன்றும். ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிடில் கையையே இழக்க நேரிடலாம். கசிவைப் பார்க்க அட்டைத் துண்டையே உபயோகிக்க வேண்டும். இக்குழாய்களின் இணைப்புகளை வீட்டில் தளர்த்தவே வேண்டாம்.

5. வைக்கோல், சருகு, கடலைக்கொடி ஆகியவற்றின் மேல் வண்டியை நிறுத்தி ஓட்டக் கூடாது. 2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்திற்குப் பின் பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைத் தானே சுத்தம் செய்து கொள்ளும் சமயத்தில் கரியை எரித்து மிகுந்த உஷ்ணமடையும். களத்து நெருப்புக்கு இதுவே போதும்.

அளவெடுத்தல்

எருவிட்டதன் பயனை அறிய நாம் ஒரு பாத்திக்கு எருவிட்டு, ஒரு பாத்தியை விடாமல் வைத்து, இரண்டையும் எடை போட்டுப் பார்க்கிறோம். விதை, எரு, தண்ணீர் மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் விளைச்சல் கூடியது எதனால் என்று யாரும் சொல்ல முடியாது. யந்திரத்திற்கும் இதே விதி. முதலில் உள்ள நிலையை அளந்து எழுத வேண்டும். பிறகு ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் சீர்செய்து மறுபடி அளக்க வேண்டும்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். டீசல் தொட்டியை வாய்வரை நிரப்பி, வழக்கமான சுமையோடு வழக்கமான பாதையில் ஓடி, மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரையும் பிடித்த டீசலையும் குறிக்க வேண்டும். டிராக்டரானால் ஓடிய மணியையும் உழுத ஏக்கரையும் குறிக்கலாம். தெரிந்த ஒரு மேட்டை எந்தக் கியரில் ஏறுகிறது, வெப்பமானியின் முள் எங்கே நிற்கிறது, புகையின் நிறம் என்ன என்பவற்றையும் எழுத வேண்டும்.

புகையைப் படிக்கும் முறை பின்வருமாறு. கரும்புகை எனில் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. நீலப்புகை எனில் எண்ணெய் எரிகிறது. டர்போவின் எண்ணெய்க் காப்பு அல்லது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். யந்திரம் சூடேறிய பின்னும் வெண்புகை எனில் டீசல் எரியாமல் வெளிவருகிறது, அல்லது தண்ணீர் உள்ளே புகுகிறது. நீலப்புகைக்கும் வெண்புகைக்கும் தாமதியாமல் பணிமனைக்குப் போக வேண்டும். கரும்புகைக்குப் பெரும்பாலும் வீட்டிலேயே பரிகாரம் உண்டு.

சீர்செய்யும் வரிசை

முதலாவது, காற்று வடிகட்டி. கேழ்வரகு அடிப்பிலும் மண்பாதையிலும் ஓடும் வண்டிக்குக் கைப்புத்தகத்தில் சொன்ன காலத்திற்கு முன்பே இது அடைபடும். காகித வடிகட்டியைத் தட்டித் தூசு நீக்கலாம். கம்ப்ரசர்க் காற்றை வேகமாக ஊதினால் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் விழும். மண்ணெண்ணெயிலோ தண்ணீரிலோ கழுவுதல் அறவே கூடாது. சந்தேகமிருந்தால் புதிது போடுவதே சிக்கனம். மணல் ஒரு துளி டர்போவின் சக்கரத்தைத் தேய்க்கும் வேகத்தை எண்ணிப் பார்த்தால் வடிகட்டியின் விலை பெரிதல்ல.

இரண்டாவது, காற்றுக் குழாய்கள். வடிகட்டியிலிருந்து டர்போ வரைக்கும், டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக யந்திரம் வரைக்கும் உள்ள குழாய்கள் அனைத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, அடிப்புறத்தையும் கையால் தடவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு புழுதி அடையாய்ப் படிந்த இடத்தில் கிழிசலோ தளர்ந்த கிளிப்போ இருக்கும். மேட்டில் சுமையோடு ஏறுகையில் 'உஸ்' என்று காற்றோசை கேட்பதும் இதன் அறிகுறியே. கிழிந்த குழாய்க்குத் துணியும் டேப்பும் சுற்றி ஓட்டுவது ஊர் வந்து சேரும் வரைக்குமே. மறுநாள் புதுக் குழாய் போட வேண்டும்.

மூன்றாவது, இன்டர்கூலரும் ரேடியேட்டரும். இவற்றின் தகடுகளுக்கிடையே வைக்கோல் தூசும் பூச்சியும் அடைந்திருக்கும். ஆறிய பின் மெல்லிய நீரோட்டத்தால், காற்று நுழையும் திசைக்கு எதிர்ப்புறமிருந்து கழுவ வேண்டும். வேகமான நீர் தகடுகளை மடக்கிவிடும்.

நான்காவது, டீசல் வடிகட்டி. இதன் அடியிலுள்ள திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். பீப்பாயில் சேமித்த டீசலை அடிவரை ஊற்றாமல் தெளிவை மட்டும் இறுத்தெடுப்பது நல்லது.

ஐந்தாவது, எண்ணெய். யந்திர எண்ணெய் டர்போவின் உயிர்நிலை. கைப்புத்தகத்தில் கூறிய தரத்தில், கூறிய காலத்தில், வடிகட்டியோடு சேர்த்து மாற்ற வேண்டும். அளவுக்குக் குறைவதும் தீது, மிகுவதும் தீது.

ஆறாவது, டர்போவின் தண்டு. யந்திரம் நின்று நன்றாய் ஆறிய பின், காற்றுப் பக்கத்துக் குழாயைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் மெல்லச் சுழற்றிப் பார்க்கலாம். தடையின்றிச் சுழல வேண்டும். பக்கவாட்டில் அற்ப அசைவு இயல்பே. முன்னும் பின்னும் தெளிவாக அசைந்தாலும், இறகுகள் உறையில் உரசினாலும், இறகில் முறிவு கண்டாலும் வண்டியை ஓட்டாமல் பணிமனையில் காட்ட வேண்டும். குழாயைக் கழற்றிய நிலையில் யந்திரத்தை ஒருபோதும் ஓட்டலாகாது.

ஏழாவது, வால்வு இடைவெளி. திருகால் சரிசெய்யும் வகை யந்திரங்களில் மட்டும், கைப்புத்தகம் கூறும் நிலையில், கூறிய அளவுக்கு, அளவுத்தகடு கொண்டு இதைச் சரிசெய்யலாம். பழக்கமில்லாதவர் முதன்முறை ஒரு மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொண்டு செய்வது உத்தமம்.

இவ்வேழும் முடிந்த பின் மறுபடி அளந்து பாருங்கள். திணறல் என்று கொண்டு வரப்பட்ட வண்டிகளில் நான் பார்த்தவை அநேகமாக முதல் நான்கிலேயே குணமடைந்தன.

ஓட்டுவோர் பழக்கம்

காலையில் யந்திரத்தைக் கிளப்பியவுடன் முறுக்காமல் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும். எண்ணெய் டர்போவின் தண்டுவரை எட்ட அவகாசம் வேண்டும். தொப்பூர்க் கணவாய் ஏறி வந்தவுடனும், நெடுநேரம் உழுத பின்பும் சட்டென்று நிறுத்தலாகாது. ஒன்றிரண்டு நிமிஷம் மெதுவாய் ஓடவிட்டு நிறுத்தினால் டர்போ தணியும். உடனே நிறுத்தினால் ஓட்டம் நின்ற எண்ணெய் உஷ்ணத்தில் கரியாகித் தண்டைப் பற்றும்.

செய்யத் தகாதவை

டீசல் பம்பில் முத்திரையிடப்பட்ட திருகைத் தொடுதல், வேஸ்ட்கேட்டின் கம்பியை இறுக்குதல், புகைக்கரி வடிகட்டியை நீக்குதல், இ.சி.யூ. என்னும் மின்னணுப் பெட்டியிலுள்ள கணக்கை மாற்றி எழுதுதல் ஆகிய நான்கும் வீட்டு வேலையல்ல. கூட்டிய டீசல் பலமாக மட்டும் வருவதில்லை, உஷ்ணமாகவும் வருகிறது. பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியக் கலவையாலானது. அதன் தலை தாங்கும் உஷ்ணத்திற்கு எல்லையுண்டு. கிளட்சும் கியர்பெட்டியும் அப்பலத்துக்கென்று செய்யப்பட்டவையல்ல. எல்லாவற்றிலும் முக்கியம், கூடிய பலத்தை நம்பிக் கூடுதல் சுமையை ஏற்றினால் பிரேக்கின் பலம் கூடுவதில்லை. தருமபுரியிலிருந்து சேலம் போகும் வண்டி தொப்பூரில் இறங்கியாக வேண்டும். அவ்விறக்கத்தில் பிரேக் தளர்ந்து நேர்ந்த கோர விபத்துக்களை இந்த ஜில்லாவாசிகளுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சட்டமும் இதற்கு இடங்கொடாது. 1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்றும் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. அவ்வாறு திருத்திய வண்டி விபத்துக்குள்ளானால் இன்ஷூரன்ஸ் தொகைக்கும் வில்லங்கம் நேரலாம்.

மின்னணுப் பெட்டியைப் படிப்பதில் மட்டும் குற்றமில்லை. ஸ்டியரிங்கின் கீழுள்ள ஓ.பி.டி. துவாரத்தில் செருகும் சிறு கருவி, கைப்பேசியிலேயே காற்றழுத்தத்தையும் பழுதுக் குறிகளையும் காட்டும். நாடி பார்ப்பது வேறு, மருந்து கொடுப்பது வேறு என்பதை நினைவிற்கொண்டால் இக்கருவி மிகவும் பயன்படும்.

பெட்ரோல் டர்போ கார் வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அதில் அழுத்தத்தைக் கூட்டினால் பெட்ரோல் கலவை உரிய நேரத்திற்கு முன்பே தானாக வெடிக்கும். 'டக டக' என்று உலோகம் தட்டுவது போன்ற ஓசையே அதன் அறிகுறி. சில நிமிஷங்களிலேயே பிஸ்டன் உடையக்கூடும். கைப்புத்தகத்தில் கண்ட ஆக்டேன் எண்ணுக்குக் குறையாத பெட்ரோலை இடுவதும், குறித்த காலத்தில் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதுமே அதற்குரிய வீட்டுச் சிகிச்சை.

யந்திரம் தறிகெட்டு ஓடினால்

டர்போவின் எண்ணெய்க் காப்பு முற்றும் பழுதானால், டீசல் யந்திரம் தன் எண்ணெயையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நில்லாமல், வேகம் மேன்மேலும் ஏறி ஓடுவதுண்டு. ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தால் பிரேக்கை முழுதும் அழுத்தி, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு யந்திரத்தை அடக்க முயலலாம். அருகில் நின்றிருந்தால் காற்று நுழையும் வாயைத் தட்டையான பலகையால் அடைக்கலாம். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது. இரண்டும் கைகூடாவிட்டால் யாவரும் விலகி நிற்பதே புத்தி. யந்திரம் போனால் வாங்கலாம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

அளவுத்தகடு, முறுக்களவு ஸ்பேனர், டயர் அழுத்தமானி, வண்டியைத் தாங்கும் நிறுத்தங்கள், ஓ.பி.டி. கருவி ஆகியவற்றை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு தொகுதியாக உழவர் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ வாங்கி வைத்தால் யாவருக்கும் பயன்படும். கிராம சபையில் ஒரு நாள் இதைப் பற்றிப் பேசவும், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தாரையோ வேளாண் பொறியியல் துறையாரையோ அழைத்துச் செய்து காட்டச் சொல்லவும் கிராமத் தலைவர்கள் முன்வரலாம். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பு இதைச் செய்தால் பலன் மிகுதி. வண்டி நின்றுபோவது பெரும்பாலும் அது மிகவும் வேண்டியிருக்கும் நாளிலேயே.

முடிவுரை

பாலக்கோட்டுத் தோட்டக்காரர் இப்போது வேறு வண்டி வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் காலையில் பானெட்டைத் திறந்து, குழாய்களை அடிப்புறம் வரை தடவிப் பார்த்த பின்னரே மற்ற வேலைக்குப் போகிறார். அவர் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வருஷக் கணக்கு இருக்கிறது. புதிதாய் ஒரு குதிரைச்சக்தியும் அவர் சேர்க்கவில்லை. இருந்ததில் ஒன்றையும் இழக்கவுமில்லை. நமது குடியானவர்களும் இம்முறையைக் கைக்கொண்டு, காற்று, டீசல், எண்ணெய், உஷ்ணம் ஆகிய நான்கையும் வாரம் ஒரு முறை கவனித்து வருவார்களானால், வண்டி சந்தைக்குத் தவறாமல் போகும். ஓட்டுபவரும் வீட்டுக்குத் தவறாமல் திரும்புவார்.